மலையக நாவலுக்கு ஒரு வரைபடம்

அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இல் அச்சேறியது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நூல். அதே 1885இல்தான் மலைநாட்டு ரயில் நானுஓயாவை எட்டியது; முந்தின வருஷம் ஹட்டன் வரை வந்திருந்தது. கண்டியில் பிறந்து, கண்டியில் சட்டத்தரணியாக இருந்தவர் சித்திலெப்பை. அவர் கண்ணெதிரே கோப்பி அழிந்துகொண்டிருந்தது, தேயிலை மலையேறிக்கொண்டிருந்தது, தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கூட்டங் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் கதாநாயகன் அசன் நடமாடுவதோ மிசிறு தேசத்திலும் இந்தியாவிலும். நாவலில் வரும் ஊர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தால், கதை நம்முடைய மலைகளைச் சுற்றிப் போய்விடுவது தெரியும்.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். அடுத்த வருஷமே ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். படித்த முஸ்லிம்களின் பார்வை மேற்கே, மிசிறை நோக்கித் திரும்பியிருந்த காலம். ஒரு நாவலை வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தால் எழுத்தாளரின் வீடு எங்கே இருந்தது என்பதைவிட, மனசு எங்கே இருந்தது என்பதுதான் முதலில் தெரியவரும். கடந்த சில வருஷங்களாக உயர்தரத் தமிழ் மாணவர்களோடு நான் செய்துவருகிற ஒரு வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது, இந்த உதாரணத்தைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை: இந்த மலைகளுக்குள்ளேயே நடக்கும் நாவல்களை வரைபடத்தில் ஏற்றுவது.

இந்த முறை புதிதல்ல. பிராங்கோ மொரெட்டி என்ற இத்தாலியப் பேராசிரியர் 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாவலுக்கு ஓர் அட்லஸே வெளியிட்டார். பால்சாக்கின் பாரிஸ் நாவல்களில் ஏழை இளைஞர்கள் சேன் நதியின் ஒரு கரையில் இருக்கிறார்கள், அவர்கள் ஆசைப்படும் மாளிகையும் பெண்ணும் பணமும் வேறு பேட்டைகளில் இருக்கின்றன, அந்த இடைவெளிதான் கதையை ஓட்டுகிறது என்பதை அவர் படம் போட்டுக் காட்டினார். 2005இல் வந்த இன்னொரு நூலில், மேரி மிட்ஃபோர்ட் என்பவர் 1824இல் எழுதிய ஆங்கிலக் கிராமத்துக் கதைகளை எடுத்துக்கொண்டார். நிகழ்ச்சிகளை வரைபடத்தில் வைத்ததும் அவை கிராமத்தைச் சுற்றி வட்டமாக விழுந்தன. வாசிக்கும்போது யாருக்கும் தென்படாத வட்டம் அது.

பிறகு கணினி வந்தது. சூரிச் நகரத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பார்பரா பியாட்டியும் குழுவினரும் ஐரோப்பாவுக்கான இலக்கிய அட்லஸ் திட்டத்தை நடத்தினார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்துக்கு 2015இல் ஒரு திட்டம் வந்தது. அந்த நகரத்தைப் பற்றிய நூற்றுக்கணக்கான நூல்களைக் கணினியே படித்து, தெருப் பெயர்களைப் பொறுக்கியெடுத்து வரைபடத்தில் வைத்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தன் கேட்டான், "சேர், நம்ம நானுஓயா எடின்பரோவா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. எடின்பரோ நம்மிடமும் உண்டு. அக்கரப்பத்தனைப் பக்கம் கிளாஸ்கோ இருக்கிறது, பல்மோரல் இருக்கிறது. தலவாக்கலைப் பக்கம் ஹொலிரூட் இருக்கிறது. தோட்டம் திறந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டின் வரைபடத்தைக் கொண்டுவந்து நம்முடைய மலைகள் மேல் விரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த எடின்பரோவுக்குக் கணினி செய்த வேலையை இந்த எடின்பரோவுக்குச் செய்யாது. மலையக நாவல்கள் பல நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் படங்களாகக் கிடைக்கின்றன. அது பெரிய கொடைதான். ஆனால் பக்கத்தின் படம் வேறு, கணினி தேடக்கூடிய எழுத்து வேறு. எழுத்தாகவே கிடைத்தாலும் 'ஹட்டன்' என்று தேடினால் 'அட்டன்' அகப்படாது, 'ஹற்றன்' அகப்படாது. ஒரே ஊரை நம் எழுத்தாளர்கள் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். அதோடு 'அட்டனுக்கு', 'அட்டன்லேருந்து' என்று வேற்றுமை உருபுகள் வேறு ஒட்டிக்கொள்ளும். நுவரெலியா லயத்து வாயில் 'நூரளை' ஆகிவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'கண்டி'. பழைய தோட்டத்து ஆட்களுக்குக் 'கண்டிச்சீமை' என்றால் மலைநாடு முழுக்க. பொகவந்தலாவையில் பெயர் பதிந்தவனும் கண்டிக்குத்தான் வந்தான். ஒரு பாத்திரம் "கண்டிக்குப் போறேன்" என்று தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்பட்டால் கணினி நேரே தலதா மாளிகைக்குப் பக்கத்தில் ஊசியைக் குத்திவிடும். அதனால் நாங்கள் கையாலேதான் செய்கிறோம். தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுவும் நல்லதுதான்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாவலை நாலைந்து பேர் பங்குபோட்டு வாசிப்பார்கள். இடம் என்று எது வந்தாலும் பெரிய கொப்பி ஒன்றில் எழுத வேண்டும்: பக்கம், நாவலில் உள்ளபடியே பெயர், அந்த இடத்தில் யார், அங்கே நடக்கிறதா, நினைத்துப் பார்க்கிறார்களா, பேச்சில் மட்டும் வந்துபோகிறதா. பிறகு இதைக் கணினியில் அட்டவணையாக்கி அகலக்கோடு, நெடுங்கோடு சேர்த்து கூகுள் மை மெப்ஸில் ஏற்றினால் புள்ளிகள் தாமாகவே விழும். ஒரு வரைபடத்தில் பத்து அடுக்கு வரை வைக்கலாம், இலவசம், கைத்தொலைபேசியில் திறக்கும். பாடசாலைக்கு இது போதும்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்குப் பழைய ஓரங்குல வரைபடத்தைச் சொல்வேன். நில அளவைத் திணைக்களம் ஒரு மைலை ஓர் அங்குலமாக்கி, 1:63,360 அளவுத்திட்டத்தில் அச்சிட்ட தாள்கள் அவை. புவியியல் படித்தவர்களுக்குப் பரீட்சை மண்டபத்து ஞாபகம் வரும். அந்தத் தாளைப் படமெடுத்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இன்றைய செய்மதிப் படத்தின் மேல் ஒட்டலாம். ரயில் நிலையம், பாலம், பழைய தேவாலயம் என்று இரண்டிலும் இடம்மாறாத நாலைந்து புள்ளிகளை இணைத்துக் காட்டினால் தாள் நெளிந்து வந்து சரியாக உட்கார்ந்துகொள்ளும். இதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. இலங்கை வரைபடக் கட்டத்தின் தோற்றப்புள்ளி நுவரெலியாவின் பீதுருதாலகால உச்சி. பழைய மெட்ரிக் கட்டத்தில் கிழக்காக 200,000 மீற்றர், வடக்காக 200,000 மீற்றர் என்ற எண் அங்கேதான் விழும். காலிக்கும் காங்கேசன்துறைக்கும் உள்ள ஆள்கூறுகள் எல்லாம் நம்முடைய மலையிலிருந்தே எண்ணப்படுகின்றன. தேசத்தின் ஓரத்தில் கிடக்கிறோம் என்று எண்ணும் பிள்ளைகள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். "சேர், எங்க தோட்டம் வருது. எங்க லயம் வர்றதில்ல" என்றாள் ஒரு மாணவி. கூகுளில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருந்தது, ஃபெக்டரி இருந்தது, பங்களா இப்போது உல்லாச விடுதியாகிவிட்டதால் அது நட்சத்திரக் குறிகளோடு கம்பீரமாக இருந்தது. அவளும் அவளுக்கு முந்தின நாலு தலைமுறையும் பிறந்த லயம் பச்சைக்கு நடுவே பெயரில்லாத ஒரு நீளத் தகரக் கூரை. ஓரங்குலப் படத்திலும் கதை இதுதான்.

நாவலோ முழுக்க முழுக்க அந்தப் பெயரில்லாத இடத்தில்தான் நடக்கிறது. மேட்டு லயம், பணிய லயம், பீலிக்கரை, பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக்காம்பரா, மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, அஞ்சாம் நம்பர் மலை. ஹட்டன் நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே இதில் பாதி இப்போது புரிவதில்லை. 'மலைக்குப் போனாள்' என்று வந்தால் ஒரு மாணவன் சிவனொளிபாத மலையைத் தேடினான். தோட்டத்தில் 'மலை' என்றால் அன்றைக்குக் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலைத் துண்டு. அதற்கு இலக்கம் இருக்கும். 'கணக்கு' என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. 'தவறணை' இன்னும் வேடிக்கை. தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையும் தவறணை, கள்ளுக்கடையும் தவறணை. கணவனைத் தேடி மனைவி தவறணைக்குப் போனாள் என்ற ஒரு வரிக்கு எந்தப் புள்ளியை வைப்பது? முன்பின் பத்துப் பக்கம் வாசிக்காமல் தீர்மானிக்க முடியாது. அகராதியை மனப்பாடமாக்குவதைவிட இப்படி ஒரு புள்ளிக்காகச் சண்டைபோடும்போது சொற்கள் நன்றாக மனசில் நிற்கின்றன என்பது நான் வகுப்பில் கண்டது.

பெயர்களைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாயிகளைக் கேட்டார்கள். மைதானமான பழைய பிரட்டுக்களம், கங்காணி ஒருவர் பெயரில் வழங்கிய லயம், வெள்ளைக்காரப் பெயர் சிதைந்து தமிழானது என்று கொப்பி நிறைந்தது. அவற்றை ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பில் ஏற்றத் தொடங்கினோம். யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. ஓர் இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனியாகப் பெயர் கொடுக்கலாம். பழைய பெயர், உள்ளூர்ப் பெயர் என்றும் தனி இடம் உண்டு. கூகுளில் இந்த வசதி இவ்வளவு தாராளமில்லை.

இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தோட்டத்துக்கு வரும் கடிதங்களில் பலவற்றில் தோட்டத்தின் பெயரோடு முகவரி முடிந்துவிடுகிறது. லயத்துக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. எங்கோ ஒரு மேசையில் கடிதம் காத்துக் கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்தது. இப்போது கூகுள் எந்தத் தகரக் கூரைக்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு பிளஸ் கோட் கொடுக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தபால்காரர் 'பணிய லயம், நாலாம் காம்பரா' என்றால் வந்துவிடுவார், அந்தக் குறியீட்டைத் தேடி வரமாட்டார். சி.வி. வேலுப்பிள்ளை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினர். அவர் தம் நாவலுக்கு வைத்த தலைப்பு 'வீடற்றவன்'. அந்தத் தலைப்பை வகுப்பில் உவமை என்று விளக்கத் தேவையிருக்கவில்லை.

சரி, புள்ளிகளெல்லாம் விழுந்த பிறகு என்ன தெரிந்தது? மொரெட்டி கண்ட வட்டம் இங்கேயும் விழுந்தது, ஆனால் இது வேறு வட்டம். ஆங்கிலக் கிராமத்துக்காரி உலாவப் போய்த் திரும்பியதால் வந்தது அந்த வட்டம். நம்முடைய நாவல்களில் லயம், பிரட்டு, மலை, மடுவம், திரும்பவும் லயம் என்று ஆட்களை மணிச்சத்தம் சுற்றவைக்கிறது. வட்டத்தை விட்டு வெளியே போகும் கோடுகள் சில: ஆஸ்பத்திரி, பொலிஸ், தேர்த் திருவிழா, டவுன் கடை. அந்தக் கோடு ஒன்றில் யாராவது காலெடுத்து வைத்தால் கதையில் ஏதோ நடக்கப்போகிறது என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

தட்டையான வரைபடம் ஒன்றை மறைத்துவிடுகிறது, அது உயரம். லயத்திலிருந்து துரை பங்களாவுக்கு நேர்கோட்டில் அளந்தால் ஐந்நூறு மீற்றர்கூட வராது. ஹட்டன் டவுனில் ஒரு பஸ் நிலையத்தைச் சுற்றி வரும் தூரம். நாவலிலோ அது ஒரு வாழ்நாள் தூரம். கூகுள் ஏர்த்தில் அதே கோட்டை இழுத்து, உயரப் பக்கத்தோற்றத்தைத் திறந்து பார்த்தோம். கோடு செங்குத்தாக ஏறியது. பங்களா மேட்டில், காற்றும் காட்சியும் உள்ள இடத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் பள்ளத்தில், ஈரத்தில், பங்களா வராந்தாவில் நின்றால் கண்ணில் படும்படி. சமவுயரக்கோடுகளை நாங்கள் பாத்திரங்களின் பெயர்களோடு சேர்த்து வாசித்தோம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊர்ப் பெரியவர் 'வடக்கு வீட்டு' அகமதுக்கண்ணு முதலாளி. அங்கே திசை அந்தஸ்தைச் சொல்கிறது, இங்கே உயரம் சொல்கிறது. 'முஸ்லிம் முரசு'வில் தொடராக வந்து 1988இல் நூலான அந்த நாவலையும் தேங்காய்ப்பட்டணத்துத் தெருக்களோடு யாராவது இப்படி வரைந்து பார்க்க வேண்டும்.

பங்களாவும் பணிய லயமும் வெறும் இலக்கிய விஷயம் என்று நினைக்கக் கூடாது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. சரிவின் அடியில் யாரைக் குடிவைத்தார்கள் என்பதை நாவல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே எழுதிவைத்திருந்தன.

பியாட்டி குழுவினரிடமிருந்து நாங்கள் கடன்வாங்கிய ஒரு வகைப்பாடு மிகவும் உதவியது. கதை நடக்கும் இடம் ஒன்று. பாத்திரம் அங்கே இல்லாமலே நினைக்கிற, ஏங்குகிற, கனவு காண்கிற இடம் இன்னொன்று. முதலாவதற்கு நிறைந்த வட்டம், இரண்டாவதற்கு வெறும் வளையம் என்று குறித்தோம். வளையங்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் போய் விழுந்தன. புதுக்கோட்டை, திருச்சி, சேலம், திருநெல்வேலி. 'ஊரு' என்ற சொல் முதல் தலைமுறைக்கு அந்தப் பக்கத்தைத்தான் குறித்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' அங்கிருந்து இங்கே வந்த பயணத்தின் கதை. வந்தவர்களின் கண்ணில் பச்சையாகத் தெரிந்தது இந்தப் பக்கம். அந்த நூல் வெளிவந்த அதே 1964இன் ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வரைபடத்தில் அம்புக்குறிகள் திரும்பிவிட்டன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலையிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கதைகளில் ஹட்டனும் தலவாக்கலையும் வெறும் வளையங்கள். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். இந்தப் படத்தில் அதுவும் ஒரு வளையம்தான், எழுத்தாளரே போட்ட வளையம்.

காலத்தையும் அடுக்குகளாக வைக்க வேண்டும். மஸ்கெலியா என்று ஒரு நாவலில் வந்தால் முதலில் கேட்க வேண்டியது எந்த வருஷத்து மஸ்கெலியா என்பதை. 1969இல் மவுஸாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் கோயிலின், விகாரையின், பள்ளிவாசலின் எச்சங்கள் வெளியே தெரியும். கொழும்பிலிருந்துகூடப் பார்க்க வருவார்கள். அதற்கு முன்னரே, 1965இல், காசல்ரீ நீர்த்தேக்கமும் வந்திருந்தது. இன்றைய செய்மதிப் படத்தில் இந்த இடங்களில் நீலம்தான். நீலத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, "சேர், இவங்க தண்ணிக்குள்ள கடை வச்சிருந்தாங்களா?" என்று கேட்ட பிள்ளைக்கு ஓரங்குலத் தாள்தான் பதில் சொன்னது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய சின்ன ரயிலும் இப்படித்தான். 1940களில் நின்றுபோய், பாதை மட்டும் பழைய தாளில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஊசி குத்துவதில் ஒரு போதை இருக்கிறது. தி. ஞானசேகரனின் 'குருதிமலை' 1979இல் வந்தது. 1970களில் தோட்டக் காணிகளைத் தொழிலாளரிடமிருந்து பிரித்தெடுக்க நடந்த முயற்சியும் அதற்கு எதிரான எழுச்சியும் அதில் உண்டு. 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்டது இந்த மலைகளில் யாருக்கும் மறக்காத சம்பவம். இரண்டையும் சேர்த்து வாசித்த மாணவர்கள் "டெவன்தான் சேர், வைப்போமே" என்றார்கள். நான் விடவில்லை. நாவலாசிரியர் ஒரு தோட்டத்தைக் கற்பனைப் பெயரில் வைக்கும்போது, அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் நடந்ததை ஒன்றுக்குள் கொண்டுவர அவருக்கு உரிமை கிடைக்கிறது. ஒரு புள்ளியால் அந்த உரிமையைப் பறித்து நாவலைப் பத்திரிகைச் செய்தியாக்கிவிடக் கூடாது. இப்படியான இடங்களுக்கு நாங்கள் புள்ளி வைப்பதில்லை. ஒரு பிரதேசத்தை மெல்லிய நிறத்தால் நிழலிடுகிறோம், நாவலின் தேசப்படம் அங்கே மங்கலாகவே இருக்கட்டும் என்று. டெவன் சம்பவத்தைத் தனி அடுக்கில், வரலாறு என்ற பெயரில், பெயரோடும் திகதியோடும் வைத்தோம். மலையக எழுத்தாளர் பலர் ஊரைத் தங்கள் பெயருக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டவர்கள்: தெளிவத்தை ஜோசப், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன். ஆனாலும் ஜோசப்பின் கதைகளையெல்லாம் தெளிவத்தைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் குவிக்க முடியாது. பெயரில் உள்ள ஊரும் கதையில் உள்ள ஊரும் வேறுவேறு கணக்கு.

இனி நம் சமூகத்துக்கு வருகிறேன். மலையக நாவல்களில் முஸ்லிம்களை மட்டும் தனி நிறத்தில் குறித்துப் பார்த்தோம். டவுன் கடைத்தெருவில் ஒரு கொத்துப் புள்ளிகள், தோட்டத்துக் கடையில் ஒன்றிரண்டு, துணிமூட்டையோடு லயத்துக்கு வரும் நானாவின் நடைபாதை ஒன்று. பெரும்பாலும் அவ்வளவுதான். அல் அஸூமத்தின் 'அறுவடைக் கனவுகள்' போலத் தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து எழுதிய முஸ்லிம் எழுத்து நம்மிடம் அரிது. நாவல்களில் நாம் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறோம், சில வேளை கடன் கொடுக்கிற நல்லவராக, சில வேளை கணக்கில் கூட்டி எழுதுகிறவராக. எது சரி என்று இங்கே வழக்காட வரவில்லை. அந்தக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு புதையல் இருந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

வாப்பாவின் கடை மூடி இருபது வருஷத்துக்கு மேல். கடன் கொப்பிகள் மட்டும் அட்டாலையில் கிடந்தன. பெயர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது அவற்றை இறக்கினேன். ஒவ்வொரு வரியிலும் ஆள் பெயருக்கு முன்னால் இடப்பெயர்: இன்ன தோட்டம், மேற்கணக்கு, பீலியடி லயம், கடைசிக் காம்பரா. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "மகன், பேரச் சொன்னா நாலு ராமசாமி ஈக்கி. லயத்தச் சொன்னாத்தான் ஆள் புடிபடும்" என்றார். ஓரங்குலப் படம் பதியாததை, கூகுள் அறியாததை, பருப்புக்கும் கருவாட்டுக்கும் கணக்கெழுதும்போது வாப்பா பதிந்துவைத்திருக்கிறார், வருஷமும் மாதமும் சேர்த்து. மூத்த வாப்பா காலத்துக் கொப்பி ஒன்று அரபுத் தமிழில் இருந்தது. அதில் தோட்டப் பெயர்கள் அரபு எழுத்தில், அந்தக் காலத்து உச்சரிப்பிலேயே இருக்கின்றன. வெள்ளைக்காரப் பெயரை லயத்தார் எப்படிச் சொன்னார்கள், அதை ஒரு முஸ்லிம் கடைக்காரர் எப்படிக் கேட்டார் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இருக்குமா? வகுப்பில் அந்தப் பக்கங்களை நானே வாசித்துக் காட்டினேன். ஓதத் தெரிந்த இரண்டு முஸ்லிம் மாணவிகள் எழுத்துக் கூட்டினார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் இடத்தை ஊகித்தார்கள். நாவலில் குறிக்க முடியாமல் நிறுத்திவைத்திருந்த பெயர்கள் சில அன்றைக்கே இடம்பிடித்தன.

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா என்று மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த குடும்பங்கள் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் நிறையவே உண்டு. 1983க்குப் பிறகு பல கடைகள் கைமாறின, சில எரிந்தன, பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். கொப்பிகள் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. அவற்றை யாருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் பெயரையும் பாக்கித் தொகையையும் ஒரு கடதாசித் துண்டால் மறைத்துவிட்டு, இடப்பெயர் உள்ள பக்கங்களை மட்டும் வெளிச்சத்தில் வைத்துக் கைத்தொலைபேசியால் படமெடுங்கள். கடன்பட்டவரின் பேரப்பிள்ளை இன்றைக்கு நம் வகுப்பில் இருக்கலாம். அந்தக் குடும்பத்தின் மானம் நம்மிடம் அமானிதம். முதல் பக்கத்தில் கடை இருந்த ஊரையும் வருஷத்தையும் எழுதிவையுங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர் வீட்டில் இருந்தால், அவர் வாயாலேயே தோட்டப் பெயர்களைச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். எழுத்தைப் பிறகு யாராவது பார்த்துக்கொள்ளலாம், அந்த உச்சரிப்பு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.